படத்தில் தெரியாதது

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததுமே முகம் சுளித்தார். "இந்த முட்டியோட உங்க சம்சாரம் எப்படி நடக்குறாங்க? ஜவ்வே இல்ல. எலும்போட எலும்பு ஒரசுது."

"அது அவளுது இல்லீங்க. என்னுது," என்றான் பச்சமுத்து.

போன வாரம் வரப்பில் வழுக்கி விழுந்தபோது எடுத்த படம் என்றான். மற்றபடி அந்தக் கால் ஒருநாளும் வலித்ததில்லை. இப்போதும் வடக்கனந்தலிலிருந்து சைக்கிளில்தான் வந்திருந்தான். டாக்டரம்மா முட்டியை மடக்கி நீட்டி, அழுத்திப் பார்த்தார். யார் காலையோ அழுத்துவதுபோல் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு உறையிலிருந்து மனைவி செவ்வந்தியின் படத்தை எடுத்து நீட்டினான். ரெண்டு வருஷத்துக்கு முந்தையது.

அன்றைக்குப் படம் எடுத்த இடத்தில், லேசான தேய்மானம்தான், ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் திரும்பும்போதே பச்சமுத்து அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அதற்கப்புறம் அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், கரும்பு வெட்டுக்கு வராமலிருக்க நடிக்கிறாள் என்று தெருவே கேட்கும்படி சொன்னான். கொஞ்ச நாளில் அவள் வலியென்று சொல்வதையே விட்டுவிட்டாள். கரும்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஒருபக்கமாகச் சாய்ந்து நடந்தாள்.

"படத்துல பெருசா எதுவும் இல்லதான்," என்ற டாக்டரம்மா, வலி எப்படி என்று கேட்டார்.

"ராவெல்லாம் காலப் புடிச்சிக்கினு குந்தியிருப்பா."

கூட்டி வரவில்லையா என்றதற்கு, அவளால் வர முடியாது என்றான். அந்த அளவுக்கா வலி என்று டாக்டரம்மா கேட்டார். அவன் கேட்க வந்தது வேறு.

"இவ்ளோ தேஞ்சும் எனக்கு வலியில்ல. ஒண்ணுமே இல்லாத அவளுக்கு வலிக்குமாங்க?"

"நல்லாவே வலிக்கும். படம் எலும்பத்தான் காட்டும், வலியக் காட்டாது. படத்துல மோசமா இருக்கிறவங்க கல்வராயன் மலை ஏறி எறங்குறாங்க. லேசா இருக்கிறவங்க எழுந்து நிக்க முடியாம அழுவுறாங்க."

"அப்போ அவ பொய் சொல்லல."

"சொல்லல."

பச்சமுத்து தலையாட்டினான். நெஞ்சுக்குள் ஏதாவது வரும் என்று காத்திருந்தான். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

மாத்திரை இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, பாதி வலியையாவது குறைத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. ஆட்டோ வைத்தாவது திங்கட்கிழமை கூட்டி வரச் சொல்லி, சீட்டில் எழுதுவதற்காகப் பேர் கேட்டார்.

அவன் இரண்டு படங்களையும் உறைக்குள் போட்டான்.

"அவள மார்கழியிலயே பொதைச்சிட்டோங்க."