ஏழு வியூ பாயிண்ட்

மலையிலுள்ள ஏழு வியூ பாயிண்ட்டையும் மதியத்துக்குள் பார்த்து முடித்துவிட வேண்டும் என்று ஒரு குடும்பம் காரில் கிளம்பியது. அவர்களுடைய நாய் ரோமியும் கூடவே வந்தது. ஐந்தாவது இடத்தில் எல்லோரும் பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அவசரமாகக் கிளம்பியதில் ரோமியை மறந்துவிட்டார்கள்.

ரோமி ரோட்டைப் பார்த்து அழுதது. தடுப்புக் கம்பியில் உட்கார்ந்திருந்த குரங்கு, "அழாதே தம்பி. இந்தப் பாறையில ஏறிப் பாரு, கீழே எல்லா வளைவும் தெரியும்" என்றது.

ரோமி ஏறிப் பார்த்தது. அருவியோ மேகமோ அதன் கண்ணில் படவில்லை. வெகுநேரம் கழித்து, அவர்களுடைய சிவப்புக் கார் எறும்பு மாதிரி மேலேறி வருவது தெரிந்தது.

"அக்கா, இப்படி ஒரு அழகை நான் பார்த்ததே இல்லை!" என்று ரோமி வாலை ஆட்டியது.

கார் வந்து நின்றது. அப்பா இறங்கி ஓடிவந்து, பெஞ்சில் கிடந்த கேமராவை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நல்லவேளை, யாரும் எடுக்கல!"

அப்புறம்தான் ரோமியைப் பார்த்தார்.

"நீ எதுக்குடா கார்லேர்ந்து இறங்கின? ஏறு, இன்னும் ரெண்டு இடம் இருக்கு."