எல்லையில் இறங்கியவர்

அன்று அமெரிக்காவில், ஃபிரிஸ்கோ வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஆறு பேர். ஸ்ரீநிவாசன், அவர் மனைவி பர்வதம், மகன் சுஹாஸ், மருமகள் அதிதி. விருந்தாளிகள் இரண்டு பேர்: சுஹாஸின் நண்பன் சிவராமகிருஷ்ணன், அவன் மனைவி மீனாக்ஷி. ஸ்ரீநிவாசன் குடும்பம் போய்விட்டு வந்த அதே ஐரோப்பா ரோட் ட்ரிப்பை விருந்தாளிகளும் போகப் போகிறார்கள். யோசனை கேட்க வந்திருந்தார்கள்.

"யோசனை ஒண்ணே ஒண்ணுதான்," என்றாள் பர்வதம். "இவரை மாதிரி ஆளை வண்டியில ஏத்தாதீங்க."

ஸ்ரீநிவாசன் தலை நிமிராமல் ரசம் சாதத்தைப் பிசைந்தார்.

"அங்கிள் அப்படி என்ன ஆன்ட்டி பண்ணினார்?" என்றாள் மீனாக்ஷி.

"என்ன பண்ணலை? வியன்னாவுல கார் எடுத்தோம். ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, குரோஷியா. நாட்டுக்கு நாடு ஒரு போர்டுதான், நிறுத்தறவனே கிடையாது. 'நம்ம வாளையார் செக்போஸ்ட்ல கூட நிறுத்துவானே'ன்னு கை தட்டிச் சிரிச்சவர் இதே மனுஷன்தான். போஸ்னியா எல்லையில மட்டும் செக்கிங். க்யூவில நிக்கறோம். பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். திரும்பப் பையில வெச்சார். கதவைத் திறந்து இறங்கிட்டார்!"

"ஏன்?"

"முட்டி வலியாம். காலையில வரைக்கும் இல்லாத முட்டி வலி! பாலமாவது ஒண்ணாவது, நான் வரலைன்னுட்டார்."

சுஹாஸுக்கு இன்னும் ஆறவில்லை. "எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா சிவா? பின்னாடி எல்லாரும் ஹார்ன் அடிக்கறாங்க. நீங்க போயிட்டு வாங்கடான்னு ஒரு காபிக் கடையில போய் உட்கார்ந்துட்டார். போஸ்னியாவுல இருக்கற அந்த மோஸ்டர் பாலம் அதிதியோட ட்ரீம். விசா வந்தப்புறம் அதுக்காகவே ரூட்டை மாத்தினோம். பாலத்துல நின்னு அழுதா இவ."

"பாலத்துக்காக அழலை," என்றாள் அதிதி. "இந்த வீட்டுல மாமா ஒருத்தர்தான் என் பக்கம்னு நினைச்சேன். எனக்கு ஆசைன்னு தெரிஞ்சும் இறங்கிட்டார்."

"அப்ப நான் உன் பக்கம் இல்லையா?" பர்வதம் பாய்ந்தாள். "ஹீட்டர் வேலை செய்யாத வீட்டை புக் பண்ணினது யாரு? டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போட்டது யாரு? நீதானே? ஒவ்வொண்ணுக்கும் உன்னை ஒரு நாள் முழுக்கத் திட்டினேன், ஒத்துக்கறேன். நீ இன்னும் ஒரு தப்பு பண்ணியிருந்தா அங்கேருந்தே பிளேன் ஏறியிருப்பேன்."

"விடும்மா. முடிவு பண்ணியாச்சு," என்றான் சுஹாஸ். "சம்மர்ல நார்வே. மூணு டிக்கெட். அப்பா வீட்டுல நிம்மதியா இருக்கட்டும்."

"சரிப்பா," என்றார் ஸ்ரீநிவாசன்.

பர்வதம் பாயசம் எடுக்க உள்ளே போனாள்.

சிவராமகிருஷ்ணனுக்கு வேறு கவலை. "அதிதி, எங்கப்பாவும் வர்றார். அங்கிள் மாதிரியே அவரும் இன்னும் அமெரிக்க சிட்டிசன் ஆகலை, இந்தியன் பாஸ்போர்ட்தான்; நம்மளை மாதிரி விசா இல்லாம போக முடியாது. அந்த முதல் மூணு நாட்டுக்கும் சேர்த்து ஒரே விசா. குரோஷியாவை விட்டு போஸ்னியாவுக்குள்ள போயிட்டா, திரும்பி வர இன்னொரு என்ட்ரி வேணுமே. அங்கிளுக்கு நீ மல்டிபிள் என்ட்ரிதானே அப்ளை பண்ணின?"

அதிதியின் கை தட்டில் நின்றது.

"நான்... அப்ப போஸ்னியா பிளான்லயே இல்லை... சிங்கிள்..."

"எல்லாம் சரியாத்தான் போட்டிருந்தா," என்று ஸ்ரீநிவாசன் அவசரமாகக் குறுக்கே வந்தார். கண் சமையலறைப் பக்கம் இருந்தது. "நீங்க சாப்பிடுங்க தம்பி."

சுஹாஸ் அப்பாவையே பார்த்தான்.

பர்வதம் பாயசத்தோடு வந்தாள். "என்ன சரியா போட்டிருந்தா?"

"உப்பு. ரசத்துல."

அதிதிதான் முதலில் வாயைத் திறந்தாள். "சுஹாஸ், நார்வேக்கு நாலு டிக்கெட் போடு."

பர்வதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவ்வளவு பட்டும் உனக்குப் புத்தி வரலையா? மறுபடியும் நடு ரோட்டுல இறங்குவார், பாரு!"

அதிதி மாமாவுக்குப் பாயசம் ஊற்றினாள். அவள் வாங்கிக் கொடுத்த விசாவில் நுழைய அனுமதி ஒரே ஒரு முறை. அது வியன்னாவில் இறங்கியபோதே தீர்ந்துபோயிருந்தது. போஸ்னியா எல்லையில் மாமாவிடம் மிச்சமிருந்தது, பூஜ்ஜியம்.