கூடப் படித்த தளபதி

“புதுத் தளபதி உங்க கூடப் படிச்சவர்தானே? கூச்சப்படாம வாயைத் திறந்து கேளுங்க,” என்றாள் மனைவி, கேப்டனின் ஒற்றைப் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டபடி. இன்னொரு காலுக்கு ஊன்றுகோல்.

கை கால் போனவர்களைச் சேதாரச் சரக்காக மாதக் கடைசியில் கழித்துவிட உத்தரவு வந்திருந்தது. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போய்விடும்.

கேப்டன் அறைக்குள் நுழைந்ததுமே தளபதி எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். “டேய் சோப்புத் திருடா! கால் எப்படிடா போச்சு?”

“ஆத்துப் பாலத்துல கண்ணிவெடி சார்.”

“அடடா.” தாமே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“ஸ்டோர்ஸ்ல ஒரு மூலை குடுத்தாப் போதும் சார்.”

“எல்லாத்தையும் கால் போனவங்களுக்குக் குடுத்துட்டேனேடா.”

“நானும் கால் போனவன்தானே சார்?”

தளபதி சங்கடமாகச் சிரித்தார். “காட்டுல என்கூட இருந்த பசங்களுக்கு மட்டும்தான் வேலைன்னு சமாதான ஒப்பந்தத்துல இருக்குடா. எனக்கு இந்த நாற்காலியே அதுலதான் வந்தது. பட்டாளத்தை விட்டு ஓடிப்போய்ப் போராளிப் படை ஆரம்பிச்சப்ப உன்னையும்தானே கூப்பிட்டேன்? விசுவாசம், அது இதுன்னே. வந்திருந்தா, அந்தப் பாலத்துல வெடி வைக்கிற பக்கம் நின்னிருப்பே.”