ஓக் பெட்டியில் ஏழு கவுன்கள்

இங்கிலாந்தின் லட்லோ ஊர் ஏலத்தில் வின்னியும் அவள் கணவன் பெர்சியும் எடுத்த பழைய ஓக் மரப் பெட்டிக்குச் சாவியில்லை. மூடி முழுக்கத் திராட்சைக்கொடி செதுக்கியிருந்தது. சனிக்கிழமை பூட்டுக்காரர் வந்து திறந்துவிட்டுப் போனார். உள்ளே ஏழு குழந்தைக் கவுன்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. வின்னி தொட்டுப் பார்த்துத் துள்ளினாள்.

"சூடா இருக்கு பெர்சி! இப்பத்தான் இஸ்திரி போட்ட மாதிரி!"

"வெயில் பட்டிருக்கும்."

"நம்மூர்ல ஏதுய்யா வெயில்?"

பதினொரு வருடமாகப் பிள்ளையில்லாத வீடு அது. அன்று முழுக்க அவள் பாடிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிறு காலை பெட்டியில் ஆறு கவுன்களே இருந்தன. ஏழாவது, தோட்டத்துத் துணிக்கொடியில் ஈரம் சொட்டத் தொங்கியது. முழங்கால் படும் இடத்தில் புல்கறை இன்னும் முழுதாகப் போகவில்லை.

பெர்சி கொடியடியிலேயே நின்றுவிட்டான். வின்னி சமையலறைக்கு ஓடினாள்.

"நிக்காதய்யா, பாலைக் காய்ச்சு! குழந்தை விளையாடிட்டுப் பசியோட வரும்!"