அதே லேத்து

பன்னிரண்டு வருடங்களாகப் பூட்டிக்கிடந்த அடையாறு தொழிற்சாலையைத் திறந்துவிட்டார்கள். பழைய தொழிலாளி வேலுவுக்கு அழைப்பு வந்தது.

"அதே லேத்துல நிக்கச் சொல்லிக்கிறாங்க. காக்கி டிரெஸ் போட்டுகினு வரணுமாம்," என்றார் மனைவியிடம்.

சுலோச்சனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கம்பெனி நிமிந்துகிச்சுன்னு சொல்லு."

திங்கட்கிழமை வேலு லேத்தை ஓட்டினார். கை எதையும் மறக்கவில்லை. கிடைத்த கம்பியொன்றைப் பொருத்திக் கடைந்தார். இரும்புச் சுருள்கள் தெறித்தன.

மேனேஜர் ஜெயராம் ஓடிவந்தார்.

"ஐயா, சும்மா சுத்தவிடுங்க, போதும். எதையும் செஞ்சிடாதீங்க."

"ஏன் சார்?"

"அந்த மேடம் காபியில இரும்புத் தூள் விழுந்துடுச்சு. ஃபேக்டரி மாதிரி இருக்குன்னுதான் ஜனங்க நம்ம காபி ஷாப்புக்கே வர்றாங்க."

வேலு கம்பியைக் கழற்றினார்.

மாலை சுலோச்சனா கேட்டாள்: "மெஷின் நல்லா ஓடுச்சா?"

"நாள் பூரா ஓடுச்சு," என்றார் வேலு.