அணையாத சர்வர்

எங்கள் ஆஸ்பத்திரி சர்வர் யாரைச் செத்தவர் என்று எழுதினாலும், அவர் செத்தே தீருவார். ஒன்பது வருடம் அதைக் கட்டி மேய்த்தவன் சொல்கிறேன். அதை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள், நிலையான பழைய கெர்னல். அதில் கைவைக்காமல் இருப்பதுதான் எங்கள் வேலை. ஆயுத பூஜைக்குச் சந்தனம்கூட சர்வர் ஓடும்போதேதான் வைப்போம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, டயாலிசிஸ் நோயாளி சடையப்பனை யாரோ 'இறந்தவர்' என்று தட்டிவிட்டார்கள். திருத்துவதற்குள் டிஸ்க்கில் கோளாறு. இருக்கிற தகவலாவது பிழைக்கட்டும் என்று கெர்னல் அதைப் பூட்டிவிட்டது: இனி படிக்கலாம், எழுத முடியாது. சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் வெள்ளிக்கிழமை என் பணி ஓய்வு விழா. 'அணையாத ஒன்பது வருடம்' என்று கேடயத்தில் பொறித்தாகிவிட்டது.

வியாழக்கிழமை சடையப்பன் முகம் வீங்கி வந்து நின்றார்.

"செத்தவங்களுக்கு மெஷின் ஒதுக்க முடியாதுங்கய்யா," என்றாள் நர்ஸ்.

"உசிரோடதானம்மா நிக்கிறேன்."

"ஸ்க்ரீன்ல அப்படி இல்லையே."

அவர் மனைவி திரையை எட்டிப் பார்த்தாள். "பேரு, வயசு, விலாசம் எல்லாம் சரியாத்தானே இருக்கு. இது மட்டும் எப்படிங்க தப்பா இருக்கும்?" என்று கணவரிடம் கேட்டுவிட்டு, தலையிலிருந்த பூவை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

விழா முடிந்து கேடயத்தோடு வெளியே வந்தேன். வாசல் பெஞ்சில் சடையப்பன் தனியாகக் கிடந்தார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"சர்வர் மேல இன்னும் சந்தேகமா?" என்று குனிந்து கேட்டேன்.

"இல்ல சார்," என்றார். "செவ்வாக்கெழமையே செத்துட்டேன்."