வாளியில் ஊறும் பாறை

ஈசூன் வட்டார அடுக்குமாடி வீட்டுக் குளியலறைச் சன்னல் வழியாக மதிய வெயில் வாளிக்குள் விழுகிறது. மீன்தொட்டிக்கென்று வாங்கிய காய்ந்த பவளப்பாறைகள் பத்து நாளாக அதன் உப்புநீரில் ஊறுகின்றன. சுல்ஃபிகர் ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய பல்பிரஷ்ஷால் தேய்க்கிறான். பொந்துகளிலிருந்து பழுப்பாக ஏதோ கழன்று கருவாட்டு வாடை கிளம்புகிறது. சின்னக் கண்ணாடிக் குழாயில் வாளித் தண்ணீரை மொண்டு, சோதனை மருந்தைச் சொட்டுவிட்டு வெளிச்சத்தில் பிடிக்கிறான். மஞ்சள் மெல்லப் பச்சையாகிறது. "பச்சைன்னா என்ன அத்தா?" கதவோரம் நிற்கும் மகள் அஃப்னா கேட்கிறாள். "பாறைக்குள்ள இன்னும் அழுக்கு இருக்கு. இப்பவே தொட்டியில போட்டா மீன் செத்துரும்." "போன தடவை எத்தனை நாள் ஊறவச்சீங்க?" பிரஷ் நின்றுவிடுகிறது. போன மாதம் பாறைகளைப் பைப் தண்ணீரில் ஓர் அலசு அலசி அன்றைக்கே தொட்டியில் போட்டான். இரண்டு மீனும் செத்து மிதந்ததும், இவளையும் இழுத்துக்கொண்டு போய், சீக்கு மீனை விற்றாயே என்று கடைக்காரக் கிழவரிடம் நாலு பேர் பார்க்கக் கத்தினான். "ஊறவைக்கல" என்கிறான், பாறையைப் பார்த்து. அவள் கண்ணாடிக் குழாயை எட்டிப் பார்க்கிறாள். குழாயில் பச்சை இன்னும் கூடுகிறது. "அப்ப அந்தக் கடை அங்கிள் ஏன் அத்தா நம்மகிட்ட சாரி சொன்னாரு?"